தூங்காத தூக்கத்துக்குக் கையெழுத்து

பதினோரு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியதால் தெருவில் அவளுக்கு 'தண்ணிவண்டி அக்கா' என்றே பெயர். குடிகாரர்களுக்கு வைக்கிற பெயரைத் தனக்கு வைத்துவிட்டார்களே என்று அவள் வருத்தப்பட்டதில்லை. "நான் ஊத்துறேன், அவங்க குடிக்கிறாங்க. இதுல யாரு தண்ணிவண்டி?" என்று கேட்டுவிட்டு கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவாள்.

நாற்பத்து நான்கு வயதில் ஒரு சரக்குக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. கன்டெய்னர் லாரி, துறைமுகத்துக்கும் வெளியூர்க் கிடங்குகளுக்கும் இடையே ஓட்டம். தையல்காரரான அவள் கணவர் வெட்டுமேசையில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு, சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"சொல்லு. நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம்."

சம்பளம் கூடுதல். பி.எஃப். உண்டு. ஏசி கேபின், சீட்டுக்குப் பின்னால் படுக்கை. 'எங்க வீட்டுக்குத்தான் முதல்ல' என்று ஆளாளுக்குக் குழாயைப் பிடித்து இழுக்கும் சண்டை இனி இல்லை. அந்தப் பக்கத்தில், வாரத்துக்கு மூன்று நாள் வீடு தங்க முடியாது. வழியில் ஒரு பெண் நம்பிப் போகிற மாதிரி கழிப்பறை கிடைக்காது. கிளட்ச் மிதித்தே வீங்கிப்போன இடது முட்டி வேறு.

பார்க்க வந்திருந்த அவளுடைய அண்ணன் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். "பொம்பளை தனியா லாரியில ஊர் ஊராப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? அதையும் எழுதுங்க மாப்ளே."

"அந்த நாலு பேருக்கும் பதினோரு வருஷமா நான்தான் தண்ணி கொண்டுபோய் ஊத்தினேன் அண்ணே. தொண்டை நல்லா நனைஞ்சிருக்கும், பேசட்டும்."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எழுதுறது என் கை. மிதிக்கப்போறது உன் கால். நீயே சொல்லு."

கெட்டது பக்கம்தான் நீளமாக இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "போறேன்" என்றாள்.

முதல் இரண்டு வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம், பதின்மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கம்பெனியின் லாரி யார்டுக்குள் நுழைந்தாள். வரும் வழியில் ஒரு நொடி கண் செருகி, டயர் மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்திருந்தாள்.

சூப்பர்வைசர் அடுத்த ட்ரிப்புக்கான தாளை நீட்டினான். 'எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தேன், வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

"எட்டு மணி நேரமா? நான் வந்தே எட்டு நிமிஷம் ஆகலையே தம்பி."

"அது சும்மா ஃபார்மாலிட்டி. எல்லாரும்தான் போடுறாங்க."

"எல்லாரும் தூங்கினாங்களா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் குரல் ஏறியது. "வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். அதான் தூங்கப் போறேன்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். உள்பக்கம் பூட்டி, திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். அவன் கதவைத் தட்டினான், வேறொரு லாரியில் ஏறி ஹாரன் அடித்தான், மேனேஜருக்கு போன் போட்டான். அவள் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து லாரியின் கதவையும் யாரோ அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. வரிசையிலிருந்த நரைமீசை டிரைவரும் படுக்கப் போய்விட்டார்.

மாலை நாலு மணிக்கு இறங்கி முகம் கழுவினாள். தாளை வாங்கி, அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தூங்கிய நேரத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் மேனேஜரே வந்திருந்தார். சரக்கு தாமதமானதற்கு விளக்கம் கேட்டார்.

"தூங்காம ஓட்டுன்னு எழுத்துல குடுங்க சார். இப்பவே விளக்கம் எழுதித் தரேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளை மிக மோசமான சாலை உள்ள ரூட்டில் போட்டார்கள். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் முட்டி இன்னும் வீங்கியது. அண்ணன் போனில், "அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"நீ சொன்னது ஊர்ப்பேச்சு. இது வேற அண்ணே" என்று வைத்துவிட்டாள்.

இப்போது யார்டில் ஐந்து பேர் தூங்கிய நேரத்தைக் கையால்தான் எழுதுகிறார்கள். கம்பெனி தாளை மாற்றவில்லை. அவளும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பேனாவை அழுத்திப் பிடித்து, அச்சடித்த வரியை அடிக்கிறாள்.