பலகையில் எங்கள் வருஷம்

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் ஓட்டலின் முன்பக்கம் இடிபட்டது. புதிதாகச் சுவர் எழுப்பி, சுண்ணாம்பு அடித்து, பெயர்ப்பலகை எழுத ஆள் வரவழைத்தோம். பெயரைத் தெலுங்கில் பெரிதாகவும் தமிழில் கொஞ்சம் சிறிதாகவும் எழுதி முடித்த பெயிண்டர், "கீழ வருசம் போடட்டுமா? எந்த வருசத்துலேர்ந்து ஓட்டல் கீது?" என்று கேட்டார்.

என் தம்பிக்கு அதில் சந்தேகமே இல்லை. புத்தூரில் இதைவிடப் பழைய ஓட்டல் கிடையாது. கற்சுவர், தேக்குப் படிக்கட்டு, மாடியில் தங்கும் அறைகள் எல்லாமே வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுமானம். "கட்டின வருசத்தப் போட்டா ஜனங்க நின்னு பாப்பாங்க நைனா. இப்ப அதுக்குதான் மதிப்பு" என்று அப்பாவிடம் சொன்னான்.

நைனா கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்தார். "அந்த வருசத்துல இது நம்முளுதா? நாம தொறந்த வருசத்தப் போடு."

பெயிண்டர் அப்படியே எழுதினார். தம்பிக்கு ஏமாற்றம்தான். எனக்கும் முதலில் அவன் சொன்னதே சரியென்று பட்டது. திருப்பதியில் பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்துவிட்டு, இதை நடத்த ஊருக்குத் திரும்பியவள் நான். பழமை எப்படி விலைபோகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பழமை எது என்று நைனாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஓட்டல் எங்கள் கைக்கு வருமுன் எங்கள் குடும்பத்துக்குக் கையகல நிலம்கூடக் கிடையாது. ஊருக்கு வெளியே காலனியில் வீடு. நைனா இந்த ஓட்டலுக்குச் சவுக்கு விறகு கொண்டுவந்து போடுவார். வண்டி பின்வாசலுக்குத்தான் போகும். டீயும் அங்கேயேதான் வரும், தனித் தம்ளரில். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பழைய முதலாளி கெட்டவர் இல்லை என்று நைனா சொல்வார். "கெட்டவங்கதான் அப்படி செய்வாங்களா?" என்று அம்மா உடனே கேட்பார்.

முதலாளியின் மகன்கள் திருப்பதியில் லாட்ஜ் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயதான காலத்தில் அவரையும் கூப்பிட்டார்கள். ஓட்டலை எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. ஒருநாள் விறகை இறக்கிக்கொண்டிருந்த நைனாவிடம் அவர், "நீ எடுத்து நடத்துறியாடா?" என்று கேட்டார்.

"நடத்துறேன். ஆனா இனிமே 'டா' வாணாங்க."

முதலாளி "சரிப்பா, நடத்து" என்றாராம்.

அம்மா சாலை போடும் கூலியாட்களுக்கு வருஷக்கணக்கில் சமைத்துப் போட்டவர். பெரிய அண்டாவைக் கண்டு அவருக்குப் பயமில்லை. ஆனால் நாங்கள் திறந்த காலையில் வழக்கமாக வருகிறவர்கள் வாசல் வரை வந்து, கல்லாவில் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். ஊரின் மறுகோடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர்களில் ஒருவர். முப்பது வருஷமாகக் காலைக் காப்பியை இங்கே குடித்தவர்.

எங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு எங்கிருந்தெல்லாமோ வருவார்களே, அவர்கள்தான். வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஸ்பூனால் அள்ளித் தின்ன வசதியாக அம்மா பொங்கலைக் குழைய வேகவைத்தார். அந்தப் பொங்கலின் பெயர் எங்களுக்கு முன்னால் வேலூர் வரைக்கும் போய்விட்டது.

பிறகு அந்த மழை வந்தது. திருப்பதி போகும் வழியில் ஏரி உடைத்துக்கொண்டு சாலையை அறுத்துவிட்டது. பஸ்கள் புத்தூரிலேயே நின்றுவிட்டன. நான் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். நைனா மாடி அறைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். கூடத்து மேசைகளை ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்தோம். குழந்தையோடு நனைந்து வந்த ஒரு தம்பதியை அம்மா அடுப்பங்கரைக்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். தெருவெல்லாம் தண்ணீர், குழந்தையோடு மேலே நடக்க முடியவில்லை என்றார்கள்; அவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

சற்று நேரத்தில் அந்த வாத்தியார் குடையில்லாமல் வந்து வாசலில் நின்றார். "என் பொண்ணும் மருமகனும் கொழந்தையோட பஸ்ஸுல வந்துக்கினு இருந்தாங்க. இங்க யாராச்சும் பாத்தீங்களா?"

"உள்ள வாங்க சார், நனையிறீங்களே" என்று நைனா துண்டை நீட்டினார். வாத்தியார் படியேறி வந்தார். அடுப்பின் சூட்டில் பேத்தி தூங்குவதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஒரு தட்டில் பொங்கல் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. "துன்னுங்க சார். ஆனா ஒண்ணு கேக்கணும். இத்தினி நாளா ஏன் எங்க ஓட்டலுக்கு வரல?"

நைனா, "இப்ப எதுக்கு அது?" என்றார். அம்மா பதிலுக்காக நின்றார்.

"தப்புதாம்மா" என்றார் வாத்தியார். "வேற பதில் இல்ல."

அம்மா சாம்பார் ஊற்றினார்.

மறுநாள் காலை வாத்தியார் தன் பழைய மேசைக்கே வந்து காப்பி கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். வராத சிலர் இன்றுவரை வரவில்லை. அவர்களுக்காக நாங்கள் காத்திருக்கவுமில்லை. இப்போது புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிறவர்கள் வருஷா வருஷம் எங்கள் மாடியில்தான் தங்குகிறார்கள்.

போன மாதம் பழைய முதலாளியின் பேரன் குடும்பத்தோடு காரில் வந்திருந்தார். திருப்பதியில் இரண்டு ஓட்டல் நடத்துகிறவர். அம்மாவின் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அடுப்பங்கரைக்கு வந்து, "அம்மா, நீங்க ஒரு வாரம் திருப்பதிக்கு வந்து எங்க மாஸ்டருக்கு இந்தப் பொங்கல வெக்கக் கத்துக் குடுக்கணும்" என்றார்.

"நான் எதுக்கு வரணும்? உங்க மாஸ்டர இங்க அனுப்புங்க" என்றார் அம்மா, கரண்டியை வைக்காமலே.

மாஸ்டர் வந்தார். மாடியில் தங்கிக் கற்றுக்கொண்டு போனார். அறை வாடகையை விட்டுவிடலாமா என்று நைனாவைக் கேட்டேன்.

"ஏன்? லாட்ஜ்தான நடத்துறோம்?" என்றார்.

வாங்கிக்கொண்டு ரசீது போட்டேன்.