பந்தல் மோர்

புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கும்போது வெளிச்சாப்பாட்டைத் தொடமாட்டேன். கட்டிக்கொண்டு போன புளிசாதம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அவ்வளவுதான். கூட வந்த மச்சான் நேரெதிர். மஞ்சள் வேட்டி கட்டியவன், கொடுப்பதை வேண்டாம் என்றால் பெருமாளையே வேண்டாம் என்றது போல என்பான்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளைத் தாண்டுவதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மதிலோரப் பந்தலில் ஒருவர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சான் என் கையில் திணித்த டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் துரு வாடை அடித்தது.

"இன்னா தண்ணி ஊத்திக் கரைச்சீங்க?" என்றேன்.

"இங்க இருக்கிற போர் தண்ணிதான், சாமி."

கம்பெனிக் கழிவு இறங்கிய அந்த மாதிரித் தண்ணீரில் எங்கள் ஊரில் பாத்திரம்கூடக் கழுவுவதில்லை. மச்சானை முறைத்தேன்.

"பெருமாள் பேர்ல ஊத்துறாரு. பேஜாரு பண்ணாத நீ" என்று இரண்டாவது டம்ளரையும் குடித்தான். பின்னால் வந்த கூட்டமும் கோவிந்தா போட்டுக்கொண்டே குடித்தது. எல்லாரும் என் டம்ளரையே பார்த்தார்கள். எரிச்சலோடு நானும் குடித்துத் தொலைத்தேன்.

நாங்கள் கிளம்பும்போது மோர் ஊற்றியவருக்கும் தாகம் எடுத்திருக்கும். கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு, தன் பைக்கில் மாட்டியிருந்த பையிலிருந்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.