தீவு அமைச்சரின் தலைப்பாகை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெங்களூருக்கு வந்த இடத்தில், ஓசிச் சாப்பாட்டுக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு தீவு நாட்டு அமைச்சருக்கான வரவேற்பு விழாவுக்குள் நுழைகிறேன். என்னையே அமைச்சர் என்று நினைத்து, மைசூர்த் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, மேடையேற்றுகிறார்கள். "நாங்கள் உங்கள் அண்ணன்" என்று ஓர் அதிகாரி உருக, நான் தம்பியாகத் தலையாட்டுகிறேன்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் கேட்க வந்த நிஜ அமைச்சர், ஓசூர் ரோடு நெரிசலில் சிக்கி, நன்றியுரை முடியும்போதுதான் வியர்க்க வியர்க்க வந்து சேர்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் மைக்கைக் கழற்றிவிடுகிறார்கள்.

விழா ஏற்பாட்டாளர் சேகரிடம் தலைப்பாகையை நீட்டி, உண்மையைச் சொல்கிறேன்.

"டென்ஷன் பேடா... வேணாம் சார், போட்டோ சூப்பரா வந்திருக்கு."

"அந்த அமைச்சர்?"

"தண்ணி வேணும்னாரு. ஒரு பாட்டில் குடுத்து அனுப்பிட்டேன்."