முப்பது லிட்டர் சுவர்

பெயிண்ட் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் புளியந்தோப்பு லோகநாதன் டேப்பைத் தேட மாட்டார். வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். சுவரில் ஒரு கை தண்ணீரை அடித்துவிட்டு வாய்க்குள் எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் ஈரம் மறைந்தால் அது குடிகாரச் சுவர், அதற்குக் கூடுதலாகவே வேண்டும். ஜன்னல் கதவைக் கழிக்க மாட்டார். அந்த மிச்சத்தைச் சன்ஷேடு தின்றுவிடும். முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் சொல்லி வந்தார். ஒரு வீட்டிலும் கணக்கு பிசகியதில்லை.

ஆனாலும் பெயிண்டரை யார் நம்புகிறார்கள்? பக்கெட்டுக்குள் பெயிண்டருக்கென்று ஒரு டோக்கன் கிடக்கும். கடையில் கொடுத்தால் காசு. அதற்காகவே இவன்கள் கூட்டிச் சொல்வார்கள் என்பது வீட்டுக்காரர்களின் நினைப்பு. அந்தப் பேச்சே தன்மீது வரக்கூடாது என்று லோகநாதன் டோக்கனைக் கழுவித் துடைத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். கூட வேலை செய்யும் கஸ்பார் தலையில் அடித்துக்கொள்வான்.

மகள் சங்கமித்ரா எண்ணூரில் வீடு கட்டினாள். ஹவுசிங் போர்டிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு முதல் சொந்தச் சுவர். கூலி கிடையாது, நானே அடிக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு போனார் லோகநாதன். வெளிச்சுவரில் தண்ணீர் அடித்தார். ஆறு எண்ணுவதற்குள் ஈரத்தைக் காணோம்.

"முப்பது லிட்டர் மாப்ள. இருபது ஒண்ணு, பத்து ஒண்ணு. உப்புக்காத்து பட்ட சுவரு, கன்னாபின்னான்னு குடிக்குது."

மருமகன் நிலவன் போனில் நீள உயரத்தைத் தட்டினான். "ஆப்புல இருபதுதான் காட்டுது மாமா." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான்: "பத்து லிட்டர் பக்கெட்லயும் டோக்கன் கீதுல்ல மாமா?"

பக்கத்தில் நின்ற சங்கமித்ராவும் சிரித்தாள். விளையாட்டுச் சிரிப்புதான். ஊரான் சிரித்திருந்தால் லோகநாதன் பிரஷை வீசிவிட்டுப் போயிருப்பார். பெற்ற மகள் சிரித்ததில் மனிதருக்குச் சுருக்கென்று தைத்தது.

"இருபதே போதும்" என்றார்.

அங்கேதான் தப்பு செய்தார். ரோஷம் வந்தவனுக்குக் கணக்கு எங்கே நினைவிருக்கும்? இழுத்து இழுத்து அடித்தும் முதல் கோட்டிலேயே பதினான்கு லிட்டர் போய்விட்டது.

"இன்னா மாமு, மிச்ச ஆறு லிட்டர்ல ரெண்டாவது கோட்டு எப்பிடி? உம்பொண்ணுக்குப் போன் போடு" என்றான் கஸ்பார்.

"போட்டா டோக்கனுக்குக் கேக்குறேன்னு நெனைக்கும்டா."

போனை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் பைக்குள் போட்டார். பிறகு குழாயைத் திறந்தார். ஊரார் சுவருக்கு ஒருநாளும் ஊற்றாத தண்ணீரை மகள் வீட்டுப் பக்கெட்டில் ஊற்றினார். கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலை முடிந்ததும் டோக்கனைக் கழுவித் துடைத்து மகள் கையில் கொடுத்தார்.

புது வீட்டு விருந்தில் நிலவன் எல்லாரிடமும் சொன்னான்: "மாமா முப்பது கேட்டாரு. ஆப் சொன்ன இருபதுலயே முடிஞ்சிச்சு பாத்தீங்களா!" சுவர் அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. லோகநாதன் இலையைவிட்டுத் தலை தூக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் வீம்பு விடவில்லை.

ஐப்பசி மழையில் கடல் பக்கத்துச் சுவர் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. நிலவன் வேறு பெயிண்டரைக் கூட்டிவந்தான். அவன் சுவரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பாதி தண்ணீர், அடித்தவன் மீதிப் பெயிண்டை எங்கேயோ விற்றுத் தள்ளியிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் சங்கமித்ராவின் போன் வந்தது. அழுதிருப்பாள் போல.

"நைனா, நெஜத்த சொல்லு. மீதி பெயிண்ட இன்னா பண்ணே?"

லோகநாதன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"டோக்கன அப்பிடியே கையில குடுத்தியே நைனா. அதப் பாத்துதான் நம்பினேன்."

முப்பது என்று அன்றைக்கே சொன்னேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. தண்ணீர் ஊற்றியது அவர் கைதானே.