சாமிக்குத் தண்ணீர் சுமந்தவன்

சனிக்கிழமைகளில் அந்த வீட்டு வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். தட்டில் சாமைச் சோறு, அதன் மேல் ஒரு கரண்டி மொச்சைக் குழம்பு, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். எல்லாவற்றையும் வடக்குப் பார்த்து வைத்திருப்பார் அந்த வீட்டுக்காரம்மா. கோழி கிட்டே வந்தால் விரட்டுவதற்கு ஒரு குச்சியோடு நிலைப்படியில் உட்கார்ந்திருப்பார். வெயில் சாய்ந்த பிறகு சோற்றை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு வைப்பார். யாராவது கேட்டால், "எம்புள்ள தின்ன மிச்சம்" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும். அந்தப் பெருமையைப் பார்த்துவிட்டு எத்தனையோ சனிக்கிழமைகள் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன்.

நான் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் நர்ஸ். பிறந்தது செங்கத்துக்குப் பக்கம். வேலை கிடைத்து மலையேறியவள் இறங்கவே இல்லை. ஓய்வுபெறும் காலம் வந்துவிட்டது, முழங்கால்கள் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டன. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் இந்த வேலையில் சுலபமான பகுதி. "பொழைச்சிடுவானா நர்சம்மா?", "சாமி இன்னாத்துக்கு இப்படிச் செஞ்சிச்சி?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதில்தான் ஆள் தேய்ந்துபோகிறாள். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. என் வீட்டுக்காரர் இறந்தபோது, நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும் என்று ஆறுதல் சொன்னவர்களைப் பார்த்து, அப்படியானால் நீங்களெல்லாம் இன்னும் எதற்கு இருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அக்காவுக்கு ஒரே மகன். புருஷன் மகன் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். மகனை வளர்த்து, கல்யாணமும் செய்துவைத்தார். மருமகள் வந்த மறு வருஷமே அவன் வேலைக்கென்று கிளம்பினான். குடகில் மிளகு பறிக்கப் போவதாகச் சொன்னான். எங்கள் மலையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் சிலர் உண்மையிலேயே குடகுக்குப் போவார்கள். சிலரை மேஸ்திரிகள் ஆந்திரக் காட்டுக்குத் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போவார்கள். அது வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து அவனோடு போனவன் அவனுடைய சித்தப்பா மகன் ஒருவன்தான்; அவன் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தான். வழியிலேயே பிரிந்துவிட்டோம், அவன் எங்கே போனான் என்று தெரியாது என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மருமகள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவாள். குளுக்கோஸ் ஏற்றுவேன். கையில் நரம்பே அகப்படாது. அந்த வருஷம் பெருமாள் கோயில் திருவிழாவில் அருள் வந்து ஆடியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்து, அவர் தலையில் கை வைத்து, "உம்புள்ள என்னாண்ட கீறான். ஏழு மலை மேல எனக்குத் தண்ணி சொமக்கறான். நீ அழுதா அவன் கொடம் தளும்புது" என்றார். நானும் அங்கே நின்றிருந்தேன். அந்த ஆள் என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த நாள் அக்கா எழுந்து கூழ் குடித்தார். அதற்கடுத்த வாரம் கொல்லையில் களை எடுக்கப் போனார். நான் பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பார்த்தும் நடக்காதது அந்த ஒரு வாக்கில் நடந்தது. அந்த வாரத்திலிருந்துதான் சனிக்கிழமைத் தட்டு. பெருமாளுக்கு உகந்த நாளில் அவனுக்கு லீவு விடுவாராம்.

அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன். நஷ்டம் மருமகளுக்கு. புருஷன் சாமியிடம் இருக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். அதனால் அவள் தினமும் பூ வைத்துக்கொள்ள வேண்டும், பொட்டை அழிக்கக் கூடாது, அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டு நாளில் திரும்பிவிட வேண்டும். எங்கள் மலையில் புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை. ஆனால் புருஷன் வீட்டார் வாயால் "போய் வா" என்று சொல்ல வேண்டும். புதூர்நாட்டுப் பக்கம் பலா மரமும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்த ஒருவர், மனைவி இறந்து தனியாக இருந்தவர், இவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஒருநாள் மற்றவர்கள் போகும்வரை என் அறையில் காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "நர்சம்மா, அவங்கள நான் குறை சொல்லல. பெத்த தாயாட்டம் வச்சிருக்காங்க. ஆனா நான் இன்னாங்க பண்றது? செத்தவன் பொண்டாட்டியா இருந்தாலும் ஒரு வழி கீது. சாமிகிட்ட போனவன் பொண்டாட்டிக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க சொன்னா கேப்பாங்க."

அன்றுதான் எனக்கு, அக்காவின் நம்பிக்கையைக் கலைக்கலாமா என்பது உண்மையிலேயே கேள்வியானது. ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற கொம்பை உருவுவது இரக்கமா என்று கேட்டால் இல்லை என்று சட்டென்று சொல்லிவிடலாம். அந்தக் கொம்பின் மறுமுனை இன்னொருத்தியின் கழுத்தில் கிடக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? பஸ்ஸில் போகும்போதும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், மகன் இனி வரமாட்டான் என்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொட்டையை நீக்க ஆரம்பித்தேன். முறத்தில் கொட்டை சேர்ந்துகொண்டே வந்தது. பிறகு கேட்டேன்: "யக்கா, இத்தன வருசத்துல ஒரு போன்கூடவா பண்ணாம இருப்பான்?"

"சாமியாண்ட போன் இருக்குமா நர்சம்மா?" என்றார் அக்கா, கையை நிறுத்தாமல்.

"அவன் இல்லாமப் போயிருந்தா?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்தவரை இன்னும் கொஞ்சம் நட என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.  பேச்சைத் திருப்பி, "அந்தப் பொண்ணுக்கு வயசு போவுதுக்கா. அது மனசு இன்னான்னு ஒரு தபா கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். திரும்பி நடக்கும்போது என் மேலேயே எனக்குச் சலிப்பாக இருந்தது. உண்மையையும் சொல்லவில்லை, சும்மாவும் இருக்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அக்காவே என்னைத் தேடி வந்தார். கூடவே மருமகளும் வந்தாள். "நான் ராவும் பகலும் ரோசன பண்ணேன் நர்சம்மா. சாமிக்குத் தண்ணி சொமக்கறவனுக்குப் பொண்டாட்டி இன்னாத்துக்கு? கோயிலுக்குன்னு உட்டது கோயிலுக்குத்தான். இவள நான் எதுக்குக் கட்டி வெக்கணும்?" என்றார். அந்தப் பெண் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். தை பிறந்ததும் அக்காவே அவளைப் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெட்டை ஆட்டையும் கொடுத்து, மகளை அனுப்புவது போல விட்டுவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அடைத்த சுவர் என்று நான் நினைத்திருந்த நம்பிக்கைக்குள் அவர் தானாகவே ஒரு கதவைக் கண்டுபிடித்திருந்தார். இனி அந்தத் தட்டை யாரும் தொட வேண்டியதில்லை, அக்கா அதோடு கடைசிவரை இருந்துவிடலாம் என்று நிம்மதியானேன்.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா மகன் வந்தான். கையில் கத்திவெட்டு, சீழ் பிடித்திருந்தது. மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஒன்றும் கேட்காமலே பேச ஆரம்பித்தான். காட்டில் மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பாறைச் சரிவில் இறங்கும்போது அண்ணனுக்குக் கால் வழுக்கியது. காலையில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கூட வந்த வெளியூர் ஆட்கள் பயந்து ஓடிவிட்டார்கள், இவன் மட்டும் கூட இருந்தான். சாயங்காலம்வரை உயிர் இருந்தது. கத்தக் கூடாது என்று துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டான். கேனில் இருந்தது தீர்ந்த பிறகும் கேட்டான். அம்மாவைக் கேட்டான். கல்லையும் தழையையும் போட்டு மூடிவிட்டு வந்ததாகச் சொன்னான். வெளியில் சொன்னால் கேஸாகிவிடும் என்று மேஸ்திரி மிரட்டியிருந்தார்.

"இப்ப பெரியம்மாகிட்ட சொல்லிடப் போறேங்க" என்றான்.

"இப்ப யாருக்காகப்பா சொல்ற? அந்தப் பொண்ணும் போயிடுச்சி. அவங்க பாட்டுக்கு இருக்காங்க."

"அவங்க வாசல்ல சோறு வெக்கறதப் பாத்துட்டு எனக்கு எறங்க மாட்டேங்குதுங்க. நான் வாயத் தொறக்காததாலதான அந்தத் தட்டு."

அவனைத் தடுக்க எனக்கு என்ன உரிமை? அவனும் பல வருஷங்களாக ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டிருக்கிறான். அக்காவின் நம்பிக்கையைக் காப்பதற்காக இவனை இன்னும் சுமக்கச் சொல்வதா? ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம்வரை இருந்தான் என்பதைச் சொல்லாதே என்றேன். சரி என்று தலையாட்டினான்.

அவன் சொன்னபோது நான் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அக்கா முழுக்கக் கேட்டாராம். "நீ பாத்தது வேற யாரையாவது இருக்கும். காட்டுல எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றாராம். பிறகு அவனை உட்காரவைத்துக் களி போட்டாராம். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாராம். ஊரில் எல்லோரும், அக்கா நம்பவில்லை, நல்லவேளை என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் அந்த வழியாகப் போனேன். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. தட்டு இல்லை. கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

அக்கா மறுபடி படுத்துவிடுவார் என்று பயந்தேன். படுக்கவில்லை. கொல்லைக்குப் போனார், சாமை அறுத்தார். பெருமாள் கோயிலுக்கும் முன்போலவே போய் வந்தார், ஆனால் மகனைப் பற்றி வாய் திறக்கவில்லை. உண்மை அவரைக் கொல்லவில்லை. அதனால் அவருக்கு என்ன நல்லது நடந்தது என்று கேட்டால், அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. சித்தப்பா மகனுக்கு இப்போது தூக்கம் வருகிறது, அதை அவன் மனைவி சொன்னாள். ஒரு வீட்டிலிருந்து இறக்கியதை இன்னொரு வீட்டில் ஏற்றியாயிற்று, கணக்கு அவ்வளவுதானோ என்று அலுப்போடு நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா பிரஷர் மாத்திரைக்கு வந்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நர்சம்மா, ஒசரத்துலேர்ந்து உழுந்தா ரொம்ப நேரம் வலிக்குமா?"

சாமி இருக்கிறதா, மகன் சாமியிடம் இருக்கிறானா என்று கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்லியிருப்பேன், அது உண்மையாகவும் இருந்திருக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம். பட்டையிலிருந்து காற்று இறங்கி முடிந்தது. அளவைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"இல்லக்கா," என்றேன். "உழுந்த ஒடனே நெனப்பு போயிடும். ஒண்ணுமே தெரியாது."

"நெசமாவா?"

"எத்தன பேரப் பாத்திருக்கேன்."

 அக்கா கையை மறுபடி நீட்டி, "இப்ப பாருங்க, எவ்ளோ கீதுன்னு" என்றார்.

இப்போது அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொல்லையிலும், சந்தைக்குப் போகும் ஜீப்பிலும், "நெனப்பே இருக்காதாம், நர்சம்மாவே சொன்னாங்க" என்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். சாமியாடியின் வாக்கைவிட என் வாக்குக்கு மதிப்பு அதிகம், நான் படித்தவள். சித்தப்பா மகன் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறான். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இந்த மலையில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். சொன்னதால் தூக்கம் கிடைத்த மனுஷன், மனசாட்சி உள்ளவன். என்றைக்காவது அதையும் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாதே என்று, அவன் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை நின்று வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.