சிங்கப்பூருக்கு ஒரு கையெழுத்து

பிளஸ்ஸிக்குச் சிங்கப்பூர் கிடைத்த செய்தி அவளுக்குத் தெரிவதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே கருங்கல் பக்கத்துக் கிறிஸ்தவ சபை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கூத்துக்குக் காரணம் அவள் அம்மா தங்கபாய்.

பிளஸ்ஸி வேலை பார்ப்பது முதலீட்டு வங்கியில். பாஸ்புக்கில் வரவு போடுகிற வங்கி அல்ல. கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் ஆலோசனை சொல்கிற வங்கி. ஊரில் விளக்கி விளக்கிக் களைத்துப்போய், ‘பேங்க் வேலை’ என்று நிறுத்திக்கொண்டாள். முதல் ஐந்து வருடம் சென்னை அலுவலகம். மும்பைக்காரர்கள் நடத்தும் பேரங்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும். அதில் அவள் பெயர் மட்டும் வராது. மும்பைக்கு மாற்றல் கேட்டு நாலு தடவை எழுதினாள், நாலாவது தடவைதான் கனிந்தது. அங்கே ஆறு வருடம் மாடாய் உழைத்தாள். இப்போது சிங்கப்பூர் அலுவலகத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் இடம் காலியாகியிருந்தது. தன் பெயரில் ஒரு பேரத்தை நடத்திக் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு வெறும் ஆசை இல்லை, வெறி. விண்ணப்பித்தாள்.

நேர்காணல் முடிந்தது. முடிவு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. வந்தபின் மும்பைத் தலைவி ரேணுகா மேத்தா விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் முறை. பிளஸ்ஸி அம்மாவிடம் மட்டும், ஜெபம் பண்ணச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. கருங்கல் சந்தையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கபாய், அடுத்த ஞாயிறே உறையில் காணிக்கை போட்டுவிட்டார். சபைச் செயலாளர் ஞானசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பு நேரத்தில் கணீரென்று வாசித்தார்: “சிங்கப்பூருக்கு மாற்றலாகிச் செல்லும் மகள் பிளஸ்ஸிக்காகத் தாயார் தங்கபாய் ஸ்தோத்திரக் காணிக்கை.” ஆராதனை யூடியூபில் நேரலையாக வேறு போய்க்கொண்டிருந்தது.

“கெடைக்காமலே எதுக்கும்மா ஸ்தோத்திரம்?” என்று போனில் பல்லைக் கடித்தாள் பிளஸ்ஸி.

“கெடச்ச பொறவு நன்றி சொல்ல யாருக்கும் முடியும் மக்கா. முன்னாடியே சொல்லணும். அதாக்கும் விசுவாசம்.”

செவ்வாய்க்கிழமை, மும்பை அலுவலக லிஃப்டில் சிவபிரசாத் ஏறினான். கணினிப் பிரிவில் இருக்கும் நாகர்கோவில்காரன். ஊரிலிருந்து யாரோ அந்த வீடியோவை அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். “பிளஸ்ஸி, சிங்கப்பூர் கெடச்சுட்டுல்லா? ஒரு வார்த்த சொன்னியா?” என்றான். நல்ல மனசோடுதான் கேட்டான், பாவி. பின்னால் ரேணுகா மேத்தா நின்றுகொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர்தான், ஆனால் சிங்கப்பூர் எந்த மொழியிலும் சிங்கப்பூர்தானே.

அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். மழுப்பியிருக்கலாம், பிளஸ்ஸி உள்ளதைச் சொன்னாள்.

“பேரம் பாதியில் நிற்கும்போது என்னிடம் சொல்லாமல் கிளம்பப் பார்த்திருக்கிறாய். அவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் ரேணுகா.

பதினோரு வருட உழைப்பு ஒரு காணிக்கை உறையோடு போயிற்று. இரண்டு நாள் அம்மாவின் போனை எடுக்கவில்லை. ஆனால் வேலையில் கை வைத்தால் வைத்ததுதான், அதை விடவில்லை.

தூத்துக்குடியிலும் கொச்சியிலும் ஆலை வைத்திருந்த மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு விற்றுக்கொடுக்கும் பேரம்தான் பாதியில் நின்றது. வியாழனன்று காணொளிக் கூட்டம். வங்கியின் சிங்கப்பூர் தலைவி லிம்மும் திரையில் இருந்தார். பிளஸ்ஸியை நேர்காணல் செய்தவர். வாங்க வந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்கள்: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை மீன்பிடித் தடை, நூற்றெட்டு நாள் ஆலைகள் பூட்டிக் கிடக்கும், விலையில் கால்வாசியைக் குறைக்க வேண்டும். ரேணுகா காகிதங்களைப் புரட்டினார்.

பிளஸ்ஸி மைக்கைத் திறந்தாள். “இரண்டு தடைகளைச் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினான்குவரை. மேற்கில் ஜூன் ஒன்று முதல் ஜூலை முடிய. எங்கள் மாவட்டத்தில் இரண்டு கரையும் உண்டு. கிழக்குக் கரைச் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற மே மாதத்தில் மேற்குக் கரைக் குளச்சலில் மீன் இறங்கும். ஒரு கரையில் இல்லாவிட்டால் மறு கரையிலிருந்து ஆலைக்கு லாரி போகும். இரண்டும் ஒன்றாக மூடிக் கிடப்பது பதினான்கே நாள்.”

சொன்னதோடு விட்டாளா? மூன்று வருட ஆலைப் பதிவேடுகளைத் திரையில் போட்டாள். மே மாதத் தூத்துக்குடி ஆலைக்குள் முழுக்க மேற்குக் கரை மீன். வாங்க வந்தவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். விலையைக் குறைக்கச் சொன்னதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் ரேணுகா மறுபடி கூப்பிட்டார். மேசையில் விடுவிப்புக் கடிதம், கையெழுத்தோடு.

“லிம் உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். தினமும் போன் போட்டு என் உயிரை எடுக்கிறாள். என் கோபம் இன்னும் தீரவில்லை, அது வேறு. ஆனால் உன்னை இங்கே பிடித்து வைத்தால் என்னைப்போல முட்டாள் இல்லை. இந்தப் பேரத்தை முடித்துவிட்டுப் போ. அறிக்கையில் முதல் பெயர் உன்னுடையது.”

பிளஸ்ஸிக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிப்படியில் நின்றே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“கெடச்சாச்சும்மா. இப்பதான் கையெழுத்தாச்சு.”

மறுமுனையில் தங்கபாயின் கடையில் யாரோ குடம் விலை கேட்கும் சத்தம்தான் வந்தது.

“என்னம்மா, சந்தோசம் இல்லியா?”

“சந்தோசத்துக்கு என்ன கொறவு” என்றார் தங்கபாய். “உனக்கு வேண்டிக் கேட்டதாக்கும் மக்கா. எனக்கு வேண்டிக் கேட்டிருந்தா, கருங்கல்லுல ஒரு ஆபீஸ் தொறக்கச் சொல்லியிருப்பேன்.”