கிரிம்ஸ்பவுண்ட் மூடுபனியில் சரஸ்வதி

காலை பத்தரைக்கு எக்ஸிட்டரிலிருந்து புறப்பட்டோம். அங்கே வேலை பார்க்கும் மகள்தான் காரோட்டினாள். "மழ வருமா?" என்று வழியெல்லாம் துளைத்தெடுத்தாள் என் மனைவி. எனக்கும் உள்ளூர உதறல்தான். அவளுக்குச் சர்க்கரை வியாதி, பசி தாங்கமாட்டாள்.

டார்ட்மூர், மரமே இல்லாத மேட்டுநிலம். புல், புதர், பாறை, ஆடு, அவ்வளவுதான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரிம்ஸ்பவுண்ட் குடியிருப்பு அங்கே திறந்தவெளியில் கிடக்கிறது. நுழைவுச் சீட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. சாலையோரம் காரை நிறுத்திச் சரிவில் ஏறினால் பெரிய கல்மதில். உள்ளே இருபத்துநான்கு வீடுகளின் அடித்தளம், எல்லாமே வட்டம்.

"குளிருதுப்பா, நீங்க போய்ட்டு வாங்க," என்று மகள் காரிலேயே இருந்துவிட்டாள்.

"எங்க பாலோ ரப்பர் எஸ்டேட் வீடே இதவிட பெருசுங்க," என்றபடி ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்தாள் மனைவி. நான் மதில் வாசலைப் படமெடுக்கப் போனேன்.

திரும்பினால் ஒன்றும் தெரியவில்லை. பனி மூடிவிட்டது. அவளுடைய பிஸ்கட் என் பையில். கைபேசியில் லைன் இல்லை.

"இந்தாம்மா" என்றே கூப்பிட்டுப் பழகியவன், முதன்முறையாக அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "சரஸ்வதி!" பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். மயங்கிவிட்டாளோ? மகளிடம் என்ன சொல்வேன்? கண்ணில் நீர் முட்டியது. தடுமாறி ஓடியதில் முழங்கால் கல்லில் மோதியது.

"அலமாக்!" ஐயோ என்பதற்கு ஊரில் எங்கள் வாயில் வரும் மலாய்ச் சொல்தான் எனக்கும் வந்தது.

"விழுந்துட்டீங்களா?" பக்கத்திலேயே அவள் குரல்.

போன உயிர் திரும்பியது, கூடவே கோபமும். "காது கேக்கலையா உனக்கு? எத்தன தடவ கூப்பிட்டேன்!"

"கேட்டுச்சுங்க. பனியில பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்கக்கூடாது. எஸ்டேட்ல அம்மாவோட ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. அதோட, நீங்க என்னைக்கி என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க? வேற எதோன்னு பயந்துட்டேன்."

"இப்ப மட்டும் எப்படி நம்புன?"

"இந்த வெள்ளக்கார ஊர்ப் பேய் அலமாக்னு சொல்லாதுலா."

பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பனி விலகும்வரை அந்தக் கல்வீட்டுக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களும் பனியில் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிவிட்டோம். எங்கள் தம்போயில் பனியும் கிடையாது, அமைதியும் கிடையாது. பக்கத்துப் பட்டறைச் சத்தத்தில் கத்தித்தான் கூப்பிட வேண்டும். இப்போது பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். முதல் தடவைக்கு அடுப்படியிலிருந்து பதில் வருவதே இல்லை. வேண்டுமென்றேதான் செய்கிறாள். தெரிந்தும், இரண்டாம் தடவை கூப்பிடுவதற்குள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.